பட்டுக்கடையில் முளைத்த பல்

மரக்காணத்தில் போஸ்டர் ஆபீஸ் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் மாடிப்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிடுவார். செல்வி மீடியா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இத்தனைக்கும் சகாயசெல்வி ஒரு மாதம் யோசித்து வைத்த பெயர் இரண்டாவதுதான். கடைக்காரர்களுடைய பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்குத் தினம் ஒரு படம், நாலு வரி எழுத்து, வாரத்துக்கு ஒரு குட்டி வீடியோ செய்து போடுகிற வேலை. சென்னையில் ஒரு கன்டென்ட் கம்பெனியில் எட்டு வருஷம் இதையே செய்து, ஈசிஆர் பஸ்ஸில் வாராவாரம் போய்வந்து இடுப்பு கழன்றுபோன பிறகு, வீட்டு மாடியிலேயே உட்கார்ந்து செய்தால் என்ன என்று ஆரம்பித்தாள். மூன்று கடைகளோடு தொடங்கியது மூன்று வருஷத்தில் பதினொன்று ஆனது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்று கடை இருந்தபோது எல்லாக் கணக்கும் தலைக்குள் இருந்தது. பதினொன்று ஆன பிறகும் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தது அவளுடைய மண்டைக்கனம். நடுவில் ஒரு தடவை ஒழுங்கு செய்யப் பார்த்தாள். சென்னைக் கம்பெனியில் பார்த்த மாதிரியே ஒரு வெள்ளைப் பலகை வாங்கி மாட்டி, பதினாலு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கலர் கொடுத்து, தலைப்பெல்லாம் இங்கிலீஷில் எழுதி வைத்தாள். ஒரு வாரம் எல்லோரும் அதைப் பயபக்தியோடு பார்த்தார்கள். இரண்டாவது வாரம் அதில் கேஸ் சிலிண்டர் புக் செய்த தேதி ஏறியது. மூன்றாவது வாரம் மீன்காரம்மாவின் போன் நம்பர்.

ஆபீசில் அவளையும் சேர்த்து நாலு பேர். படம் செய்கிறவன் கௌதமன். கைவேலை சுத்தம், சோம்பல் அதைவிடச் சுத்தம். எழுத்தைத் திருத்துகிறவள் லூர்துமேரி. பன்னிரண்டாவது படித்துவிட்டு பதினாறு வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். ஒற்று விட்டுப்போனால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி முகம் சுளிப்பாள். மூன்றாவது ஹமீதா. புருஷன் ஹபீப் முஹம்மது ஷார்ஜாவில். முடிந்த வேலைகளை அந்தந்தக் கடையின் பக்கத்தில் நேரத்துக்குப் போட வேண்டியது ஹமீதாவின் பொறுப்பு. வந்து ஏழு மாதம்தான் ஆகிறது, அவளுக்கு இதுதான் முதல் வேலை.

பதினொரு கடைக்கும் சேர்த்து ஒரே வாட்ஸப் குரூப். பதினொரு கடைப் படமும் ஒரே ஃபோல்டரில். அதற்குள் பார்த்தால் 'பைனல்', 'பைனல் புதுசு', 'இதுதான் பைனல்', கௌதமன் கடுப்பில் பெயர் வைத்த 'அம்மா சத்தியமா பைனல்'. அன்றன்றைக்குப் போக வேண்டியதை எல்லாம் 'இன்னிக்கு' என்ற இன்னொரு ஃபோல்டரில் கொட்டிவிடுவார்கள். ஹமீதா அதிலிருந்து பொறுக்கிப் போட வேண்டும்.

மாடி அறைக்கு மேற்கே ஒரு ஜன்னல். அதில் பார்த்தால் முதலில் உப்பளம், வெள்ளைவெள்ளையாய் உப்பு அம்பாரம், அதற்கும் அப்பால் தெளிவான நாளில் தொட்டுக்கொள்ள ஊறுகாய் வைத்த அளவில் பெருமுக்கல் மலை. கோடையில் அந்த மலை மறைந்தால் அரை மணியில் இங்கே மழை. மறைந்துவிட்டது என்று யாராவது ஒரு குரல் கொடுத்தால் போதும், கல்யாண வீட்டுப் பந்தியே பாதியில் எழுந்துவிடும். சொந்த உப்போ ஊரான் உப்போ, கையில் கிடைத்த தார்ப்பாயோடு ஓடி அம்பாரத்தை மூட வேண்டும். யாரும் யாரிடமும் பர்மிஷன் கேட்பதில்லை. இருபது நாள் வெயிலில் விளைந்ததைப் பத்து நிமிஷ மழை கரைத்துக்கொண்டு போய்விடும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மலை மறைந்தது. சகாயசெல்வியின் புருஷன் அறிவழகன் குத்தகைக்கு எடுத்த பாத்திகள் கிழக்கு அளத்தில் இருந்தன. அவள் ஓடினாள், லூர்துமேரி ஓடினாள், கௌதமனும் ஓடினான். குழந்தைக்குச் சளி என்று ஹமீதாவுக்கு மட்டும் அன்றைக்கு ஈரத்தில் நிற்க முடியாது. "நீ போட வேண்டியத போட்டுடு ஹமீதா" என்று படியில் இறங்கிக்கொண்டே சகாயசெல்வி சொன்னாள். கரண்ட் போய்ப் போய் வந்தது. 'இன்னிக்கு' ஃபோல்டரில் இருபத்தாறு படம் இருந்தது, பாதிக்குப் பெயர்கூட இல்லை.

பாண்டிச்சேரியில் பெரிய பட்டுக்கடை வைத்திருக்கும் தேவநாதனின் பக்கத்தில் அன்றைக்கு அரக்குச் சிவப்பில் தங்கக் கரை போட்ட முகூர்த்தப் பட்டு விளம்பரம் போக வேண்டும். ஹமீதா சின்னதாய்த் தெரிந்த படங்களில் அரக்குச் சிவப்பும் தங்கக் கரையுமாய் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டாள். அது பல் டாக்டருடைய விளம்பரம். கௌதமன் புதுசாக ஒன்று வரையச் சோம்பல்பட்டுப் பட்டுக்கடைப் படத்தையே காப்பி எடுத்து, நடுவில் சேலைக்குப் பதிலாகப் பல்லை வைத்திருந்தான். சும்மா பல் இல்லை, அடியோடு சொத்தையானது. 'உங்கள் வீட்டு மணப்பெண்ணுக்கு' என்று லூர்துமேரி திருத்திக் கொடுத்த வரிகளுக்குக் கீழே, வாயைப் பிளந்துகொண்டு, இரண்டரை மணி நேரம் அது இருந்தது.

மழைக்கு மூடிவிட்டு நனைந்த சேலையோடு திரும்பிய சகாயசெல்வியின் போனில் ஒன்பது மிஸ்டு கால். பத்தாவதை எடுத்தாள்.

"ஏம்மா, நான் புடவ விக்கறனா, பல்லு புடுங்கறனா?" என்றார் தேவநாதன். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "கவுண்டர்ல வந்து ஒரு பொம்பள கேக்குது, பல்லுக்கு எந்த மாடின்னு. பக்கத்துக் கடைக்காரன் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிட்டான்."

"சார், இப்பவே எடுத்துடறோம் சார். தப்பு எங்களுதுதான்."

"எடுத்தா? பாத்தவங்க கண்ண எடுப்பியா? வெள்ளிக்கிழம நேர்ல வர்றேன். வேற ஒரு பையன் பாண்டியிலியே கேட்டுக்கினு இருக்கான். உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு அவனாண்ட குடுக்கலாம்னு."

ஆபீசுக்கு வருகிற வேலையில் பாதி அவருடையது. பாண்டி, திண்டிவனம், கடலூர் என்று மூன்று கடை அவருக்கு. அவர் போனால் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதில் முதல் ஆள் யார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மறுநாள் காலையில் ஹமீதாவே குரூப்பில் எழுதிவிட்டாள்: 'அக்கா, இன்னியிலேர்ந்து நான் வரல. மன்னிச்சிடுங்க.'

அதைப் படித்தபோது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சகாயசெல்வி அடுப்பை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கௌதமனைப் பிடித்துக்கொண்டாள்.

"பட்டுக்கடை பார்டர எதுக்குடா பல்லு டாக்டருக்குப் போட்ட?"

"நல்லாருந்துச்சுக்கா."

"நல்லாருந்தா எல்லாத்துக்கும் போடுவியா?"

"உரக்கடைக்கும் அதான்க்கா போட்டிருக்கேன்."

லூர்துமேரி அதுவரைக்கும் படியில் காய்ந்த உப்புச் சேற்றைத் துடைப்பத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"அவன ஏன் திட்டற? இல்ல அந்தப் பொண்ணத்தான் இன்னா சொல்றது? அளத்துல பதினோரு பாத்தி இருந்தா பதினோரு பாத்திக்கும் வரப்பு இருக்குது. இங்க வரப்ப காட்டு பாக்கலாம். எல்லாத்தயும் ஒரே குழியில கொட்டி வச்சிருக்குது. இதுல நான் பொறுக்கியிருந்தாலும் பல்லுதான் வந்திருக்கும்."

"பலகை மாட்னேன், அதுல சிலிண்டர் தேதி எழுதனது யாரு?"

"நான்தான். பதினாலு கட்டத்துல எந்தக் கட்டத்துல நிக்கறோம்னு எனக்கே தெரியல, சிலிண்டராவது தெரிஞ்ச விஷயம்." துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "அளத்துல மேஸ்திரி ஒண்ணே ஒண்ணுதான் சொல்வாரு. ஒரு பாத்தியில நின்ன காலோட அடுத்த பாத்தியில எறங்காத. வரப்புல ஏறு, கால கழுவு, அப்பறம் எறங்கு. பழைய சேறு புது உப்புல பட்டா அம்பாரமே பழுப்பாயிடும். பதினாறு வருஷம் அதத்தான் செஞ்சேன். அதுல இங்கிலீஷு ஒண்ணும் இல்ல."

சகாயசெல்விக்குச் சுருக்கென்றது. அவள் உப்பளத்துக்காரன் பெண்டாட்டி. அந்த வரப்புகளில் எத்தனை தடவை நடந்திருக்கிறாள். அதை விட்டுவிட்டுச் சென்னையிலிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தப்பு தன்னுடையது, தண்டனை மட்டும் ஹமீதாவுக்கு என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஹமீதாவின் வீட்டுக்குப் போனாள்.

ஹமீதா கதவைத் திறந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "அவரு ஷார்ஜாவுலேர்ந்து போன் பண்ணாருக்கா. அவரு ரூம்மேட்டுக்கே அந்தப் பல்லு வந்திருக்குதாம். நான் போட்டதுன்னு சொல்லல. சொல்ல வெக்கமாயிருக்குது."

"நீ போட்டது இல்ல. நான் போட வச்சது. இருபத்தாறு படத்துல பேரில்லாம ஒண்ண எடுன்னா யாருக்கு வரும்? வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாத்தயும் பிரிக்கணும். நீ இல்லாம முடியாது, எது எங்க இருக்குதுன்னு உனக்குத்தான் தெரியும்."

"பட்டுக்கடைக்காரரு வர்றப்ப நான் அங்க இருந்தா அவருக்குக் கோபம்தான் வரும்க்கா."

"வரட்டும். அத நான் பாத்துக்கறேன்."

மூன்று நாள் மாடியில் உலை கொதித்தது. கடைக்கு ஒரு தனி இடம் என்று கம்ப்யூட்டரில் பதினொன்றாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குள் இருந்தால் இன்னொன்று கண்ணுக்கே தெரியாது; வெளியே வந்து மறுபடி நுழைந்தால்தான் உண்டு. கடைக்குத் தனி குரூப். அதற்குள் இருக்கிறவர்கள் அந்தக் கடை வேலையை மட்டும் பேச வேண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் நாலே தட்டு: வந்தது, செய்யறது, பாக்கறது, முடிஞ்சது. தலைப்பைத் தமிழில்தான் வைக்க வேண்டும் என்று லூர்துமேரி பிடிவாதம் பிடித்தாள். கடைக்காரர் 'சரி' என்று எழுத்தில் கொடுத்தால்தான் ஒரு படம் 'முடிஞ்சது' தட்டுக்குப் போகும். அந்தத் தட்டில் போட்ட பிறகு அதைத் திறந்து மாற்றுகிற சாவி லூர்துமேரியிடம் மட்டும். ஹமீதா அந்தத் தட்டிலிருந்து மட்டும்தான் எடுத்துப் போட வேண்டும். கௌதமன் பதினொரு கடைக்கும் பதினொரு கலர், பதினொரு கரை என்று புதுசாக உட்கார்ந்து வரைந்தான். வியாழக்கிழமை மத்தியானம் அவன் கண்கள் உப்பு வாரினவன் கண் மாதிரிச் சிவந்திருந்தன. அவனுக்கு ஒருவரும் இரக்கம் காட்டவில்லை.

கால் கழுவுகிற யோசனை ஹமீதாவுடையது.

"அக்கா, ஒரு கடைய மூடிட்டு ஒடனே அடுத்தத தொறந்தா பழசு கண்ணுல ஒட்டிக்கினே இருக்குது. லூர்துக்கா சொன்னாங்களே, வரப்புல ஏறணும்னு. நான் எழுந்து போய் பானையில ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்து ஒக்காந்தா?"

"பதினோரு தபா குடிச்சா வயிறு தாங்குமா?" என்றான் கௌதமன்.

"வெயிலுக்கு நல்லதுதான்" என்றாள் லூர்துமேரி. விஷயம் முடிந்தது. மூலையில் இருந்த பானையைக் கழுவி, ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள்.

இரவில் சாப்பிடும்போது அறிவழகன் சிரித்தான். "உன் ஆபீஸ் ஒழுங்கா நடக்கணும்னா பானை வேணும்னு தெரிஞ்சிருந்தா கல்யாணத்துக்கே ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பேன்."

"நாளைக்கு அவரு போறேன்னு சொல்லிட்டா, பானையத் தலையில கவுத்துக்கறேன்."

"போனா போவட்டும் செல்வி. உப்பு இருக்குது. நாளானிக்குக் காலையில லாரி வருது, அம்பாரத்து மேல மூடின ஓலையெல்லாம் எடுத்துட்டேன், அள்ளி ஏத்த வேண்டியதுதான்."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கு ஆறவில்லை. உப்பு அவனுடையது. இந்த மாடி அவளுடையது.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்குத் தேவநாதனின் வெள்ளைக் கார் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அறுபது வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். செருப்போடு மாடியேறி வந்தவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். டீ கொடுத்தால் தொடவில்லை. சகாயசெல்வி கம்ப்யூட்டரைத் திருப்பி, பிரித்து வைத்ததை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதெல்லாம் எனக்குப் புரியாதும்மா. நான் நாப்பது வருஷமா கடை நடத்தறவன். அலமாரி எல்லாக் கடையிலியும் அழகாத்தான் இருக்கும். கூட்டம் வர்றப்ப எப்பிடி எடுத்துக் குடுக்கறான்னு பாக்கணும். உங்களாண்ட கூட்டம் வந்தப்ப பல்லுதான் வந்துச்சு."

"உண்மைதான் சார்."

"உண்மைன்னு ஒத்துக்கறதுக்காக நான் எப்பிடி..."

அவர் முடிக்கவில்லை. ஜன்னலோரம் நின்ற லூர்துமேரி, "மலைய காணோம்" என்றாள். அதே நேரம் சகாயசெல்வியின் போன் அடித்தது. அறிவழகன் ஒரே வரிதான் பேசினான். "தொறந்து கெடக்குது செல்வி." வைத்துவிட்டான்.

ஓலை எடுத்த அம்பாரம். நாளைக் காலையில் லாரி. மேற்கே கருக்கல் சரசரவென்று ஏறிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவர், இன்னும் முடிக்காத பேச்சோடு. அஞ்சு மணிக்கு அவருடைய கடைசி வைகாசி முகூர்த்த விளம்பரம் போக வேண்டும், அதற்கு முன்பும் பின்பும் வேறு மூன்று கடைகளுக்கு. உட்கார்ந்தால் உப்பு போகும், ஓடினால் இவர் போவார். சகாயசெல்வி ஹமீதாவைப் பார்த்தாள். ஹமீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "போங்கக்கா" என்றாள்.

"சார், மன்னிக்கணும். எங்க ஊர்ல அந்த மலை மறஞ்சா யாரும் ஒக்கார முடியாது. நான் போய்த்தான் ஆவணும். ஹமீதா இருக்குது. அஞ்சு மணிக்கு உங்களுது அது போட்டுடும்."

தேவநாதன் ஹமீதாவை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னிக்குப் பல்லப் போட்டது?"

"அதே பொண்ணுதான் சார்."

சொல்லிவிட்டு அவள் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். போனைக்கூட எடுக்கவில்லை.

கிழக்கு அளத்தில் காற்று மண்ணை வாரி அடித்தது. தார்ப்பாய் ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை பறந்தது. கௌதமன் அதன்மேல் விழுந்து படுத்தே பிடித்தான். லூர்துமேரி கல்லும் மண்மூட்டையுமாகத் தூக்கித் தூக்கி ஓரத்தில் வைத்தாள். பக்கத்து அளத்துக்காரர்கள் தங்களுடையதை மூடிவிட்டு இங்கே ஓடிவந்தார்கள். முதல் துளிகள் புளியங்கொட்டை மாதிரி விழுந்தபோது அம்பாரத்தின் வடக்கு முனை இன்னும் திறந்து கிடந்தது. சகாயசெல்வி முழங்காலில் உட்கார்ந்து அந்த முனையை இழுத்துக் கட்டினாள். உப்பு பட்டு விரலில் இருந்த கீறல் எரிந்தது. மனசு மாடியில் இருந்தது.

"இன்னேரம் அந்தாளு கெளம்பியிருப்பாரு" என்றான் அறிவழகன்.

"இருக்கட்டும். முடிச்ச நல்லா போடு."

மழை நாலு துளியோடு நின்றது. கருக்கல் மரக்காணத்தைத் தொட்டும் தொடாமலும் வடக்கே நகர்ந்து போய்விட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். மேற்கே பெருமுக்கல் மலை கழுவி வைத்த மாதிரி மறுபடியும் தெரிந்தது. அறிவழகன் ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து, "தப்பிச்சோம்டா" என்றான். சகாயசெல்வி பாதிதான் தப்பித்திருந்தாள்.

தெருமுனையில் திரும்பும்போது கார் அங்கேயே நின்றது. திட்டுவதற்காகக் காத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். மாடிப்படி உச்சியில் அவருடைய செருப்பு கழற்றி ஜோடியாக வைத்திருந்தது.

உள்ளே தேவநாதன் நாற்காலியை ஹமீதாவின் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டீ டம்ளர் காலியாக இருந்தது. சகாயசெல்வியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, இந்தப் பொண்ணுக்குச் சக்கரை இருக்குதா? சின்ன வயசா தெரியுது. மூணு தபா எழுந்து போய் தண்ணி குடிச்சிட்டு வந்துச்சு."

லூர்துமேரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சகாயசெல்வி உப்பளத்துக் கதையைச் சொன்னாள். வரப்பு, கால் கழுவுகிறது, பழுப்பாகிப்போகிற அம்பாரம் எல்லாவற்றையும் சேறு பட்ட சேலையோடு நின்றுகொண்டே சொன்னாள். அவர் சொத்தைப் பல் இல்லாத தன் வாயைத் திறந்து சிரித்தார்.

"அதான் சங்கதியா. நான் சும்மா இருக்கலம்மா. நாலே முக்காலுக்கு, 'அந்தப் பல்லக் கொஞ்சம் காட்டு, எங்க வச்சிருக்க'ன்னு கேட்டேன். 'உங்க எடத்துல இருந்து பாத்தா அது தெரியாது சார்'னு சொல்லிச்சு. சரின்னு, 'புத்தம் புதுசுன்றத பளபளன்னு மாத்தி போடு'ன்னு சொன்னேன். முடியாதுன்னுச்சு. ஏம்மா, நான் மொதலாளி சொல்றேன்னா, 'வாயால சொன்னா செல்லாது சார், எழுதிக் குடுங்க, லூர்துக்கா வந்துதான் தொறக்கணும்'னு என்னையே திருப்பிடுச்சு."

"நீங்க கோச்சுப்பீங்கன்னு பயமாத்தான் இருந்துச்சு சார்" என்றாள் ஹமீதா.

"கோபம்தான் வந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். என் கடையில இருக்கற பதினெட்டு பேர்ல ஒருத்தனும் எனக்கு முடியாதுன்னு சொன்னதில்ல. அதனாலதான் அங்க பாதித் தப்பு நடக்குது."

சகாயசெல்வி திரையை எட்டிப் பார்த்தாள். போட்ட நேரம் அஞ்சு மணி ஒரு நிமிஷம் என்று காட்டியது. அரக்குச் சிவப்பில், தங்கக் கரையோடு, பட்டு பட்டாகவே போயிருந்தது. கீழே அதற்குள் இருபது பேர் பார்த்திருந்தார்கள். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அதைத் துடைக்கப் போய் உப்புக் கையைக் கண்ணில் தேய்த்துக்கொண்டு இன்னும் நாலு பங்கு அழுதாள்.

"ஆடித் தள்ளுபடிக்கு இப்பவே ஆரம்பிங்கம்மா" என்றார் தேவநாதன். "போன வருஷம் மாதிரி கடைசி நேரத்துல ஓடக்கூடாது." எழுந்தார். "பாண்டிப் பையனுக்கு நான் போன் பண்ணி சொல்லிக்கறேன்."

வாசலுக்குப் போனவர் நின்று, மூலைக்குத் திரும்பிப் போனார். பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, அண்ணாந்து மடமடவென்று குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"இங்கேர்ந்து நேரா திண்டிவனம் கடைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. பிறகு கௌதமன்தான் முதலில் சிரித்தான், அப்புறம் எல்லோரும். லூர்துமேரி பலகையில் சிலிண்டர் தேதியை அழித்துவிட்டு அதே இடத்தில் 'ஆடி' என்று எழுதினாள். சகாயசெல்வி போனை எடுத்து, செவ்வாய்க்கிழமை ஹமீதா 'நான் வரல' என்று எழுதிய செய்தியைத் தேடி அவளிடம் நீட்டினாள்.

"இத அழிச்சுடு."

"அப்பறம் அழிக்கறேன்க்கா" என்று ஹமீதா பட்டுக்கடையை மூடினாள். எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "அஞ்சரைக்குப் பல்லு டாக்டரு இருக்குது."